ஏரிக்கரையில் இரவைத் திட்டமிடுவோம்

ஜூலை 20ஆம் திகதி ஏரிக்கரையில் கூடாரம் அடிக்க விரும்பும் குடும்பம், பெப்ரவரி 20ஆம் திகதி விடிய எழும்பிக் கணினிக்கு முன்னால் உட்கார வேண்டும். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் முகாமிடங்களுக்கு, போய்ச்சேரும் நாளுக்கு ஐந்து மாதம் முன்னதாகக் காலை 7 மணிக்கு முன்பதிவு திறக்கிறது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் ஒருவர் கணினியிலும் மற்றவர் கைப்பேசியிலும் மணிக்கூட்டைப் பார்த்தபடி காத்திருப்பார்கள். கோடைகாலச் சனி, ஞாயிறுகளுக்கான கரையோர இடங்கள் நிமிடக் கணக்கில் போய்விடும்.

இந்த அவசரம் எதற்கு என்று அல்கொன்குயின் பூங்காவை ஒருமுறை பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ மூன்று மணி நேர ஓட்டம். 1893இல் நிறுவப்பட்ட இது ஒன்ராறியோவின் முதல் மாகாணப் பூங்கா. பரப்பு சுமார் 7,600 சதுர கிலோமீற்றர். அதற்குள் 2,000க்கும் மேற்பட்ட ஏரிகள். அல்கொன்குயின் முதற்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நிலம் இது. தங்கள் நில உரிமைக்காக அவர்கள் நெடுங்காலம் போராடி, 2016இல் கனடா, ஒன்ராறியோ அரசுகளோடு கொள்கையளவிலான உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டார்கள். அங்கே போய்த் தங்குபவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

பள்ளிக்கூடத்தில் நண்பர்கள் சொல்லக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் பேச்சைத் தொடங்குவார்கள். வீட்டிலுள்ள மூத்தவர்கள் தயங்குவார்கள். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, தறப்பாள் கொட்டில்களில் மழையும் சேறுமாகப் படுத்தெழும்பியவர்களுக்கு, நல்ல வீடு இருக்க வெளியே போய்ப் படுப்பதில் என்ன மகிழ்ச்சி என்பது எளிதில் பிடிபடாது. அந்தத் தயக்கத்தை மதிப்பதிலிருந்துதான் ஏற்பாடு தொடங்க வேண்டும். அவர்களை வற்புறுத்தவும் கூடாது, வீட்டில் தனியே விட்டுவிட்டுப் போகவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது.

திட்டமிடும் குடும்பங்கள் அநேகமாகப் பகலுக்குத்தான் திட்டமிடுகின்றன. என்ன சமைப்பது, எந்தப் பந்தைக் கொண்டுபோவது, எந்த மலையேற்றப் பாதையில் நடப்பது என்று பட்டியல் நீளும். பகலை ஏரி பார்த்துக்கொள்ளும். தண்ணீரையும் மணலையும் ஒரு கட்டு விறகையும் கொடுத்தால் பிள்ளைகளுக்கு வேறெதுவும் தேவைப்படாது. பயணத்தைக் கெடுப்பது இரவு: விறைக்கும் குளிர், நனைந்த படுக்கை, தூரத்தில் இருக்கும் கழிப்பறை, கூடாரத்துக்கு வெளியே கேட்கும் உரசல். இந்த நான்குக்கும் வீட்டிலிருந்தே விடை தேடி வைத்தால் மிச்சம் எல்லாம் தானாக நடக்கும்.

முதல் விடை, எந்த இடத்தைப் பதிவு செய்கிறோம் என்பதில் இருக்கிறது. பூங்காவின் தென்பகுதியை ஊடறுத்து 56 கிலோமீற்றர் ஓடும் 60ஆம் இலக்க நெடுஞ்சாலையோரமாகத்தான் காரில் போய் இறங்கக்கூடிய முகாம்கள் பலவும் இருக்கின்றன. டூ ரிவர்ஸ் ஏரி முகாமில் நல்ல மணற்கரை உண்டு, பக்கத்திலேயே கடையும் உண்டு. அதனால் ஆரவாரமும் அதிகம். பொக் ஏரி முகாமில் மரங்களுக்குள் ஒதுங்கிய இடங்கள் இருக்கின்றன. பாட்டுப்பெட்டிக்கே இடமில்லாத அமைதிப் பகுதியும் அங்கே உண்டு. பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓட்ட ஆசை என்றால், ரொக் ஏரி, பொக் ஏரி, மியூ ஏரிப் பக்கங்களை இணைத்துச் செல்லும் பழைய ரயில் பாதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மர வியாபாரி ஜே. ஆர். பூத் போட்ட தண்டவாளம் கழற்றப்பட்டு, இன்று மேடுபள்ளமில்லாத சைக்கிள் பாதையாகக் கிடக்கிறது.

முன்பதிவுத் தளத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் படம் இருக்கும். நிழல் எவ்வளவு, அயலவரிடமிருந்து மறைப்பு எவ்வளவு என்ற விபரமும் இருக்கும். புதியவர்கள் கரையோர இடத்தையே தேடுவார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அது எப்போதும் நல்லதல்ல. தவழும் குழந்தையை ஏரியின் விளிம்பில் வைத்துக்கொண்டு சமைக்கவும் முடியாது, கண்ணயரவும் முடியாது. பார்க்க வேண்டியது இன்னொன்று: நடுச்சாமத்தில் ஆறு வயது மகனோ எழுபது வயது அம்மம்மாவோ டோர்ச் வெளிச்சத்தில் கழிப்பறைக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? அதற்காக, கழிப்பறையின் வாசலிலேயே இடம் எடுத்தால் இரவு முழுக்கக் கதவுச் சத்தமும் வெளிச்சமும் தூங்க விடா. நான்கைந்து இடம் தள்ளி இருப்பது தோதானது.

மூத்தவர்களுக்கான நடுவழி மியூ ஏரியில் இருக்கிறது. அங்கே யேர்ட் எனப்படும் வட்டமான தடித்த துணிக் குடில்களை வாடகைக்கு எடுக்கலாம். உள்ளே கட்டில், மின்சார வெப்பமூட்டி எல்லாம் உண்டு. அது கிடைக்காவிட்டால் மின்சார வசதியுள்ள இடத்தைப் பதிவு செய்யலாம். தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதற்காகக் கருவி பூட்டிக்கொண்டு படுப்பவர்களுக்கு இது கட்டாயம்.

இன்னொரு விதியை எங்கள் குடும்பங்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ஒரே குடும்பத்தவர் அல்லாவிட்டால் ஓர் இடத்தில் ஆறு பேருக்கு மேல் தங்க முடியாது. முகாம் அனுமதியில் ஒரு காருக்கு மட்டுமே இடம். அடுத்த காருக்குத் தனிக் கட்டணம். சித்தப்பா குடும்பம், மாமி குடும்பம், அயல்வீட்டுக் குடும்பம் என்று இருபது பேர் ஒன்றாகப் போவதென்றால், பக்கத்துப் பக்கத்து இடங்களாகப் பதிவு செய்ய வேண்டும், அல்லது வைட்ஃபிஷ் ஏரியிலுள்ள குழு முகாமை நாட வேண்டும். பதிவு கிடைக்காதவர்கள் மனம் தளரத் தேவையில்லை. திகதி நெருங்க நெருங்கப் பலர் ரத்துச் செய்வார்கள். கிழமை நாட்களில் தேடினால் வாய்ப்பு இன்னும் கூடும்.

இனிக் குளிர். ரொறன்ரோவில் 30 பாகை வெயிலில் கார் ஏறுபவர்களுக்கு நம்ப முடியாமல் இருக்கும். ஆனால் அல்கொன்குயின் உயர்ந்த மேட்டுநிலம். ஜூலை, ஓகஸ்ட் இரவுகளில்கூட வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்குவதுண்டு. நடுங்கும் குடும்பங்கள் மேலே போர்த்த இன்னொரு கம்பளி இல்லையே என்று வருந்தும். குறை பெரும்பாலும் கீழே இருக்கிறது. படுப்பவரின் உடற்பாரத்தில் படுக்கைப் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடுகிறது. அங்கே சூட்டைப் பிடித்து வைக்கக் காற்று இடைவெளி மிஞ்சுவதில்லை. தடித்த காற்று மெத்தை காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். அதற்குள் இருக்கும் காற்று சுழன்று சுழன்று உடம்பின் சூட்டை நிலத்துக்குக் கடத்திவிடும். மெத்தைக்கு மேலே ஒரு நுரைப்பாயோ மடித்த கம்பளியோ விரித்தால் போதும், இரவு மாறிவிடும். பகலில் போட்ட உடுப்போடு படுக்கக் கூடாது. அதில் வியர்வையின் ஈரம் இருக்கும். உலர்ந்த காலுறையும் கம்பளித் தொப்பியும் படுக்கைக்கென்றே தனியாக இருக்க வேண்டும்.

குளிர் தாங்காமல் எரிவாயு அடுப்பையோ கரி அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோவது உயிராபத்து. எரியும் எதுவும் கார்பன் மொனொக்சைட்டை வெளியிடும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, தூங்குபவரை எழுப்பாமலே கொல்லும். மழை பெய்தாலும் சமையல் வெளியேதான்; அதற்காகவே தனியாக ஒரு தறப்பாள் கட்ட வேண்டும்.

கூடாரம் வாங்கும்போது பெட்டியில் 'ஆறு பேருக்கு' என்று போட்டிருந்தால், அது ஆறு பேர் தோளோடு தோள் உரசிப் படுக்கும் கணக்கு. நான்கு பேரும் அவர்களுடைய பைகளும் என்றால் சரியாக இருக்கும். வாங்கியதை வீட்டு வளவிலோ பக்கத்துப் பூங்காவிலோ ஒருமுறை அடித்துப் பார்த்துவிட வேண்டும். காணாமல் போன முளைக்கம்பியை வீட்டிலே கண்டுபிடித்துவிடலாம். முகாமுக்குப் போன பின்பு, நிலத்தில் சற்று உயர்ந்த, வேரும் கல்லும் இல்லாத இடத்தைத் தேட வேண்டும். பள்ளத்தில் மழைநீரும் குளிர்காற்றும் சேர்ந்து தேங்கும். அண்ணாந்தும் பார்க்க வேண்டும். பட்டுப்போன கொப்பு தொங்கும் மரத்தடியில் கூடாரம் வேண்டாம். நிலத்தில் விரிக்கும் தறப்பாள் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மழை அதில் விழுந்து நேரே படுக்கைக்குக் கீழே ஓடிவரும். விளிம்புகளை உள்ளே மடித்துவிட வேண்டும். குளிருக்குப் பயந்து எல்லாச் சாளரங்களையும் இறுக்கி மூடினால், நான்கு பேரின் மூச்சு விடிவதற்குள் உட்சுவரில் நீராக வழியும். மேலே உள்ள காற்றுவழியையாவது திறந்து வைக்க வேண்டும்.

இதையெல்லாம் வெளிச்சத்தில் செய்து முடிக்க வேண்டும் என்பதால் புறப்படும் நேரம் முக்கியம். நீண்ட வார இறுதியின் வெள்ளி மாலையில் 400ஆம் நெடுஞ்சாலை ஊர்ந்துகொண்டிருக்கும். காலையிலே புறப்பட்டு, பிற்பகல் 2 மணிக்குப் பின் இடம் கையளிக்கப்படும்போது அங்கே நிற்பது எல்லோருக்கும் சுகம்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது கரடியைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. அல்கொன்குயின் கறுப்புக் கரடிகளின் காடு. கரடி பொதுவாக மனிதரைத் தவிர்க்கும் விலங்கு. ஆனால் அதன் மூக்கு மிகக் கூர்மையானது. ஒருமுறை முகாமில் உணவு கிடைத்துவிட்டால் அது திரும்பத் திரும்ப வரும். அப்படிப் பழகிய கரடியைப் பூங்கா ஊழியர்கள் வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டிவரும். சில வேளை கொல்லவும் நேரும். எனவே சாப்பாட்டை மூடி வைப்பது மனிதரைப் பாதுகாப்பது மட்டுமல்ல, கரடியைப் பாதுகாப்பதும்தான். கூலர், அடுப்பு, குப்பை, எண்ணெய்ப் போத்தல், பாத்திரம் துடைத்த துணி எல்லாம் இரவில் காருக்குள் போக வேண்டும். பற்பசையும் சவர்க்காரமும் கூட உணவாகவே கணக்கு. கூடாரத்துக்குள் ஒரு மிக்சர் பக்கெட்டும் இருக்கக் கூடாது. பிள்ளைகளின் சட்டைப்பையில் ஒளிந்திருக்கும் இனிப்பையும் தேடி எடுக்க வேண்டும். கரடி வராவிட்டாலும் ராக்கூன் வரும். கூலரின் மூடியைத் திறக்க அதற்கு நன்றாகவே தெரியும்.

எங்கள் சமையலில் மணம் அதிகம். மீன் பொரிப்பதும் கருவாடு சுடுவதும் ஏரிக்கரையில் ஆசையாகத்தான் இருக்கும். செய்வதென்றால் பகலில் செய்து, எண்ணெயையும் முள்ளையும் அடுப்புக் குழிக்குள் கொட்டாமல் பொதியாகக் கட்டி முகாமின் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும். சமைத்தபோது போட்டிருந்த உடுப்பைக் கழற்றிக் காரில் வைத்துவிட்டுப் படுப்பதும் நல்லது. பாத்திரங்களை ஏரிக்குள் இறங்கிக் கழுவக் கூடாது.

முதல் இரவுக்கு வீட்டிலேயே ஆட்டிறைச்சிக் கறியைச் சமைத்துக் கட்டியாக உறைய வைத்துக் கொண்டுபோவது அனுபவசாலிகளின் வழக்கம். போகும் வழியெல்லாம் அதுவே கூலரின் பனிக்கட்டியாக இருக்கும். மாலையில் சுடவைத்துப் பாணோடு சாப்பிட்டால், கூடாரம் அடித்துக் களைத்த கைகளுக்கு ஓய்வு. தண்ணீர்ப் போத்தல்களையும் அப்படியே உறைய வைக்கலாம். உருகிய பின் குடிக்கலாம். பிள்ளைகள் நிமிடத்துக்கொரு தரம் திறக்கும் குளிர்பானக் கூலர் வேறு, இறைச்சி வைத்த கூலர் வேறாக இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் அதைப் பனிக்கட்டியில் நேரடியாகப் படாமல் துணியில் சுற்றி வைக்க வேண்டும். உறைந்த இன்சுலின் பயன்படாது. பூங்காவின் பல இடங்களில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காது. மேற்குப் பக்கத்தில் அருகிலுள்ள மருத்துவமனை ஹன்ட்ஸ்வில் நகரத்தில்தான். மருந்துகளை ஒரு நாளுக்கு மேலதிகமாகவே எடுத்துச் செல்ல வேண்டும்.

விறகு வீட்டிலிருந்து கொண்டுபோகக் கூடாது. காசு மிச்சம் பிடிக்கலாம் என்று காரின் பின்னால் ஏற்றுபவர்கள், அந்தக் கட்டைக்குள் என்ன பயணம் செய்கிறது என்று யோசிப்பதில்லை. எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு 2002இல் டெட்ராய்ட், வின்ட்சர் பகுதிகளில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழுக்கள் ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் குடைந்து மரத்தையே பட்டுப்போகச் செய்யும். வண்டு தானாகப் பறந்துபோகும் தூரம் சிறிது. விறகோடு அது நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் போய்விடும். பூங்காவிலேயே விறகு விற்கிறார்கள். தீத்தடை அறிவித்திருக்கிறார்களா என்று புறப்படும் முன்பு பார்த்துக்கொள்வதும் அவசியம். தடைக்காலத்தில் தணல் மூட்ட முடியாது.

ஏரி அழகானது, அதற்கு நீச்சல் தெரியாதவரைத் தெரியாது. ஊரில் கடலோரத்தில் வளர்ந்தவர்களில்கூட நீச்சல் பழகாதவர்கள் பலர். மாகாணப் பூங்காக்களின் கரைகளில் உயிர்காப்பாளர்கள் இல்லை. இடுப்பளவு தண்ணீர் ஓரடி தள்ளித் தலைக்கு மேலாகலாம். மரச்சாறு கலந்து தேயிலைச் சாயம் போலிருக்கும் அந்த நீரில், கீழே போன பிள்ளை கண்ணுக்குத் தெரியாது. நீந்தத் தெரியாத பெரியவர்களும் பிள்ளைகளும் உயிர்காப்பு அங்கியோடுதான் இறங்க வேண்டும். பல பூங்காக்களில் அதை இரவல் வாங்கலாம். வள்ளத்தில் ஏறும் ஒவ்வொருவருக்கும் ஓர் அங்கி இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரியவர்கள் முறை வைத்து, கைப்பேசியை ஒதுக்கிவிட்டு, பார்ப்பதையே வேலையாகக் கொள்ள வேண்டும்.

பூச்சிகளின் காலண்டரும் தெரிந்திருந்தால் நல்லது. மே நடுப்பகுதி தொடங்கி ஜூன் வரை கரும் ஈக்கள் கடித்து இரத்தம் எடுக்கும். ஜூனிலும் ஜூலையிலும் நுளம்பு. குழந்தைகளோடு முதன்முதலில் போகிறவர்களுக்கு ஓகஸ்ட் சிறந்தது. டீட் கலந்த பூச்சிவிரட்டி ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூடவே கூடாது. 12 வயது வரை 10 வீதத்துக்கு மேற்படாத செறிவே பூச வேண்டும் என்று கனடாவின் சுகாதாரத் திணைக்களம் சொல்கிறது. உண்ணிகள் லைம் நோயைப் பரப்பக்கூடியவை. மாலையில் பிள்ளைகளின் கால், கழுத்து, காதோரம் எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும்.

ஓகஸ்டைச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்த மாதத்தின் வியாழக்கிழமைகளில், ஓநாய்க் கூட்டம் ஒன்று நெடுஞ்சாலைக்கு அருகே இருப்பது முதல்நாள் இரவு உறுதியானால், பூங்கா இயற்கையியலாளர்கள் பொதுமக்களைத் திரட்டிக்கொண்டு போகிறார்கள். 1963 முதல் நடக்கும் நிகழ்ச்சி இது. கார்கள் வரிசையாகப் போய் நெடுஞ்சாலையோரம் நிற்கும். நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கி மூச்சுக் காட்டாமல் நிற்பார்கள். இயற்கையியலாளர் ஓநாயைப் போல ஊளையிடுவார். பதில் வராத இரவுகளும் உண்டு. வந்தால், குட்டிகளின் கீச்சுக்குரலும் சேர்ந்து காட்டிலிருந்து எழும்பும் அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகள் அம்மாவின் கையை இறுக்கிப் பிடிப்பார்கள். இருட்டில் கேட்கும் குரல்களைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே அறிமுகப்படுத்தி வைப்பது பயத்தைக் குறைக்கும். ஏரியின் நடுவிலிருந்து யாரோ அழுவது போலவும் பிறகு சிரிப்பது போலவும் கேட்டால் அது லூன் பறவை. கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் 1987 முதல் இருப்பது அதன் உருவம்தான். ஒரு நாணயத்தைக் கையில் கொடுத்து, இன்றிரவு இது கூப்பிடும் என்று சொல்லி வைத்தால், பிள்ளை தூங்காமல் அதற்காகக் காத்திருக்கும். ஓகஸ்ட் 12, 13ஆம் திகதிகளை ஒட்டிய இரவுகளில் நிலா வெளிச்சம் இல்லாவிட்டால் பெர்சீட் எரிகற்களை எண்ணிக்கொண்டு கரையில் படுத்திருக்கலாம்.

இத்தனை ஆயத்தத்தையும் மூன்று மணி நேரத் தூரத்தில் முதன்முதலாகச் சோதித்துப் பார்ப்பது ஆபத்தான பந்தயம். அதற்கு முன் ஒரே ஒரு இரவு, வீட்டுக்குக் கிட்டவாக ஒத்திகை பார்ப்பது நல்லது. சிம்கோ ஏரிக்கரையில் இருக்கும் சிபால்ட் பொயின்ட் மாகாணப் பூங்காவும், ஒன்ராறியோ ஏரிக்கரையில் போமன்வில் நகருக்கு அருகேயுள்ள டார்லிங்டன் பூங்காவும் ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டம்தான். கூடாரத்தையும் கூலரையும் சொந்தக்காரரிடம் இரவல் வாங்கிக்கொண்டு போகலாம். நடுச்சாமம் இரண்டு மணிக்கு யாருக்காவது குளிர் தாங்க முடியாவிட்டால், அல்லது அப்பப்பாவுக்கு முதுகு வலித்தால், காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். காலையில் திரும்பியதும் ஒரு தாளில் மூன்று விடயங்களை எழுதி வைக்கலாம்: கொண்டுபோய்ப் பயன்படாதவை, இல்லாமல் தவித்தவை, யார் எந்த நேரத்தில் ஏன் விழித்தார் என்பது. மூன்றாவது வரிசையைத்தான் கவனமாக எழுத வேண்டும். அல்கொன்குயினுக்கு என்ன வாங்குவது, எந்த இடத்தைப் பதிவு செய்வது, அம்மம்மாவுக்குக் கூடாரமா யேர்ட்டா என்பதையெல்லாம் அந்தத் தாளைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.